பால்மாப் பேணியில் எரிந்த கற்பூரம்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. கீரிமலை என்று ஒன்று இருக்கிறது, ஆனால் பேரில் மட்டும்தான் மலை. அங்கே போகிறவர்கள் ஏறுவதில்லை, படியில் இறங்கிக் குளித்துவிட்டு வருவார்கள். ஆகவே ஐம்பது வயது ஆகும்வரை இராசாத்தி உயரமான எதிலும் ஏறியதில்லை. கிணற்றுக்கட்டிலாவது ஏறியிருக்கலாம். ஆனால் அவள் வளர்ந்த காலத்தில் ஊர்க் கிணற்றுக்கட்டில் அவள் சாதிக்காரரை ஏற விடமாட்டார்கள்.

தகப்பன் ஆசையாய் வைத்த பேர் அது. உடுவிலுக்குப் பக்கத்தில், வெங்காயமும் புகையிலையும் விளைகிற அந்தத் தோட்டக்கார ஊரில், பெரிய வீட்டுக்காரரின் வாய்க்குள் அந்தப் பேர் முழுசாய் நுழையவில்லை. கூலிக்காரி ஒருத்தியை இராசாத்தி என்று கூப்பிடுவதா? 'ராசி' என்று வெட்டிவிட்டார்கள். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். வெங்காயம் கிண்டுகிற இடத்தில் குனிந்தபடியே நிற்பாள். கூப்பிட்டவர் அலுத்துப்போய் முழுப்பேரையும் சொன்னால்தான் நிமிர்வாள். அந்தக் குணத்தால் பல நாள் கூலி போயிருக்கிறது. போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

கோயில் மனேச்சர் சோமசேகரத்தின் தோட்டத்திலும் அவள் வேலை செய்தாள். வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் வீட்டில் தேத்தண்ணி உண்டு. கொடுப்பது கிளாசில் அல்ல, வேலிக் கதியால் தடியில் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கும் பழைய பால்மாத் தகரப் பேணியில். குடித்தவர்களே கழுவித் திரும்பவும் தொங்கவிட வேண்டும். ஒருநாள் இராசாத்தி குடித்தாள், கழுவினாள், பேணியை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மனேச்சரின் மனைவி மீனாம்பிகை பின்னால் நின்று கத்தினா.

"எடியே, பேணியை எங்கை கொண்டு போறாய்?"

"எனக்கெண்டு வைச்சதுதானே அம்மா. நீங்கள் ஒருத்தரும் அதிலை குடிக்கப்போறியளோ?"

பேணி இராசாத்தியின் குடிசைக்கு வந்து, கற்பூரமும் நெருப்புப்பெட்டியும் வைக்கிற பேணியாயிற்று. எங்கேயோ பொறுக்கிய மூடி ஒன்று அதற்கு இறுக்கமாய்ப் பொருந்தியது. மாரி காலத்தில் கூரை ஒழுகினாலும் உள்ளே ஒரு பொட்டு ஈரம் போகாது.

புருசனை இளமையிலேயே பாம்பு தீண்டிவிட்டது. மிஞ்சியது ஒரே மகன், தேவராசா. எண்பத்தெட்டில் இந்தியன் ஆமி ஊரைச் சுற்றிவளைத்தபோது, சைக்கிளில் போன பொடியனை இறக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். முகாம் வாசலில் தாய்மார் எல்லாரும் குந்தியிருந்து அழுதார்கள். இராசாத்திக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நின்ற நிலையிலேயே நேர்த்தி வைத்தாள். 'சிவனே, என்ரை பிள்ளை உயிரோடை நடந்து வந்தால், உன்ரை வாசலுக்கு வந்து என்ரை கையாலை கற்பூரம் கொளுத்துவன்.'

பொடியன் வந்தான். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான், ஆனாலும் நடந்துதான் வந்தான். சிவன் தன் பங்கைச் செய்துவிட்டார். இனி அவள் பங்கு.

அங்கேதான் சிக்கல். ஊர்ச் சிவன் கோயிலில் அவள் சாதிக்காரருக்கு வாசலுக்கு வெளியே தேர் நிற்கிற தேர்முட்டி வரைதான். அர்ச்சனைத் தட்டத்தை அங்கே நின்று நீட்டினால், யாராவது மனம் வைத்து வாங்கி உள்ளே கொண்டுபோவார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இந்தக் கோயிலில் பூசாரி பாவம், சம்பளத்துக்கு மணி அடிக்கிற மனிதர். விடாதது மனேச்சர். கோயில் கதவின் திறப்புக் கோர்வை நாலு தலைமுறையாய் அவர் வீட்டு மடியிலேயே கிடக்கிறது.

"தட்டத்தைத் தந்திட்டுப் போ. ஐயர் கொளுத்துவார்" என்றார் சோமசேகரம்.

"ஐயர் நேர்த்தி வைக்கேல்லை ஐயா. நான் வைச்சனான். என்ரை கையாலை எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்பிடியெண்டால் சிவனொளிபாதமலைக்குப் போய்க் கொளுத்து. அங்கை சிவன் வெட்டவெளியிலைதான் கால் வைச்சவர். வாசலுமில்லை, மனேச்சருமில்லை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல பகிடிதான். யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்கு அப்போது பாதையா இருந்தது? இராசாத்தி சிரிக்கவில்லை. "சரி ஐயா" என்று சொல்லி, தட்டத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அந்தச் சொல்லை அவர் மறந்துவிட்டார். அவள் கற்பூரத்தோடு சேர்த்துப் பேணிக்குள் மூடி வைத்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு பிறந்தது. இந்தியன் ஆமி கப்பல் ஏறியது. இயக்கப் பெடியளும் அரசாங்கமும் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள், பாதை திறந்தது. கண்டி பார்க்க, கதிர்காமம் பார்க்க என்று சனம் அவிழ்த்துவிட்ட கன்றுபோல் ஓடித்திரிந்தது. வான்காரன் மார்க்கண்டு ஊரில் ஆள் சேர்த்தான். சிவனொளிபாதமலைக்கு யாத்திரை, தலைமை கோயில் மனேச்சர். சோமசேகரம் பஞ்சாங்கத்தை விரித்து வைகாசி விசாகம் என்று நாள் குறித்தார். அந்த மலைக்கு என்று ஒரு காலம் இருக்கிறது, அது மார்கழியில் தொடங்கி வெசாக்கோடு முடிந்துவிடும், அந்த வருசம் வெசாக் ஒரு மாதம் முந்தியே வந்து போய்விட்டது என்பதெல்லாம் விசாரித்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். நாலு தலைமுறை மனேச்சர் போய் நாள் விசாரிப்பதாவது!

புறப்படுகிற விடியற்காலை இராசாத்தி வானடியில் நின்றாள். குளித்து, திருநீறு பூசி, கையில் சொப்பிங் பை. உள்ளே பேணி.

"உவள் ஏன் இஞ்சை நிக்கிறாள்?" என்றா மீனாம்பிகை.

மார்க்கண்டு தலையைச் சொறிந்தான். "சீற்றுக்குக் காசு கட்டினவ அக்கா. சனம் சேராட்டில் வான் போகாது."

சோமசேகரம் அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

"நீங்கள்தானே ஐயா போகச் சொன்னீங்கள்."

கடைசிச் சீற்றில், ஸ்பெயார் ரயருக்கும் அரிசிச் சாக்குக்கும் நடுவில் அவளுக்கு இடம் விட்டார்கள். ஆனையிறவு தாண்டி, வவுனியா தாண்டி, மலை தொடங்கும்வரை ஒருவரும் அவளோடு கதைக்கவில்லை. அவளுக்கு அது பெரிய காரியமில்லை. யன்னலுக்கு வெளியே பூமி எழும்பி நிற்பதை முதல்முதல் கண்டுகொண்டிருந்தவளுக்குப் பேச்சுத்துணை எதற்கு?

மலையடிவாரத்து நல்லதண்ணியில் வான் நின்றபோது மறுநாள் விடிந்திருந்தது. ஆனால் வெளிச்சம் வரவில்லை. மழை. யாழ்ப்பாணத்து மழை மேலிருந்து விழும், விழுந்தால் நிலம் குடித்துவிடும். இந்த மழை பக்கத்திலிருந்து அடித்தது, பள்ளத்திலிருந்து புகையாய் மேலே வந்தது. மலை எங்கே என்று பார்த்தால் வெள்ளைத் துணி கட்டினதுபோல் முகில். திறந்திருந்த ஒரேயொரு தேநீர்க் கடையின் முதலாளி, தோட்டத்துத் தமிழர், வாயைப் பிளந்தார்.

"என்னங்க, இந்த நேரத்துல வந்துருக்கீங்க? வெசாக்கோட சீசன் முடிஞ்சிருச்சுங்களே! மேல கட கண்ணி ஒண்ணுங் கெடையாது, லைட்டு இல்ல. காத்து ஆளத் தூக்கிரும். ஊரு பாத்துப் போயிருங்க."

வானிலிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மீனாம்பிகைக்கு உடனே முழங்கால் பிடித்துக்கொண்டது. சோமசேகரம் மழையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், கடைசியில் நியாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். "அடிவாரத்திலை நிண்டு கும்பிட்டாலும் பலன் ஒண்டுதான். பாதத்துக்கு மேலையென்ன, கீழையென்ன."

"அப்ப நான் போட்டு வாறன்" என்றாள் இராசாத்தி.

"எங்கை?"

"மேலை. கீழை நிண்டு கும்பிடுறதெண்டால் நான் ஊரிலையே நிண்டிருப்பன்."

கடைக்காரர் அவள் காலைப் பார்த்துவிட்டு ஒரு துண்டுச் சவர்க்காரம் கொடுத்தார். "அட்ட கடிக்கும், சோப்ப முட்டி வரைக்கும் தேச்சுக்கங்கம்மா." அவள் தேய்த்தாள், சொப்பிங் பையைத் தலையில் கவிழ்த்தாள், பேணியை மடியில் செருகினாள், நடந்தாள். தனியே விடக்கூடாது என்று மார்க்கண்டு பின்னால் போனான். சோமசேகரம் ஒரு கணம் நின்றார். ராசி ஏறி மனேச்சர் ஏறாமல் ஊருக்குப் போனால் சந்தையில் தலைகாட்ட முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பித்தளைத் தட்டமும் குடையுமாய் அவரும் புறப்பட்டார். பக்தி ஏற்றாத இடத்துக்கும் வீறாப்பு ஏற்றிவிடும்.

தேயிலை முடிந்ததும் காடு. பாதையின் இரண்டு பக்கமும் கடைகள் இருந்த இடங்களில் தடிகள் மட்டும் நட்டபடி நின்றன. படி, படி, படி. ஒரு வளைவு முடிந்தால் அடுத்தது. படிகளில் தண்ணீர் வாய்க்காலாய் இறங்கி வந்தது. மரங்கள் பாசி போர்த்திக் குனிந்து நின்றன. எங்கேயோ தண்ணீர் விழுகிற பேரிரைச்சல் கேட்டது, ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சோமசேகரத்தின் குடை முதல் அரைமணியிலேயே மறுபக்கம் திரும்பிக் காட்டுக்குள் பறந்தது. அட்டைகள் அவரை நன்றாகக் கவனித்தன. சவர்க்காரம் அவருக்கும் நீட்டினார்கள்தான். கூலிக்காரி தேய்த்த துண்டு என்று அவர் வாங்கவில்லை. இரத்தம் குடிக்கிற அட்டைக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா?

இராசாத்திக்கும் சுகமாக இருக்கவில்லை. நெஞ்சு அடைத்தது. தொடை நடுங்கியது. சமநிலத்தில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்த உடம்பு, இப்படி நிமிர்ந்து ஏறப் பழகியதல்ல. ஒரு வளைவில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் போனால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள், மழைதானே. ஆனால் மகன் கால் இழுத்து இழுத்து முகாம் வாசலைத் தாண்டி வந்த நடை கண்ணுக்குள் நின்றது. அந்தக் காலோடு அவன் நடந்தானே, எனக்கு இரண்டு காலும் நல்லாய்த்தானே இருக்கு என்று தன்னைத்தானே ஏசினாள். எழும்பினாள்.

கடைசி ஏற்றம் இரும்புக் கம்பியைப் பிடித்துத்தான். காற்று அவர்களைக் கம்பியிலிருந்து பிடுங்கப் பார்த்தது. மார்க்கண்டு முன்னால், சோமசேகரம் நடுவில், அவர் சறுக்கினால் முட்டுக்கொடுக்க இராசாத்தி பின்னால். இரண்டு தரம் சறுக்கினார். இரண்டு தரமும் அவள் கைதான் முதுகில் தாங்கியது. 'தொடாதை' என்று அவர் சொல்லவில்லை. சொல்ல மூச்சும் இருக்கவில்லை.

உச்சிக்கு வந்தார்கள். சிறிய முற்றம், சுற்றிவர மதில், நடுவில் பாதத்தை மூடிய சிறு கோயில். ஒரு சனம் இல்லை. கோயில் கதவு சாத்திக் கிடந்தது. அதில் ஓர் ஆமைப்பூட்டு தொங்கியது.

சோமசேகரம் கதவைத் தட்டினார். பூட்டை இழுத்தார். "ஆரும் இருக்கிறியளோ?" என்று கூப்பிட்டார். அவருக்கு அடக்கமுடியாத கோபம் வந்தது.

"இவ்வளவு தூரம் வந்து வெளியிலை நிக்கிறதோ? சிவன்ரை கதவைப் பூட்ட இவங்கள் ஆரெண்டு கேக்கிறன்!"

மார்க்கண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். இராசாத்தி சிரித்தாள். பல வருசமாய் அவளுக்குள் கிடந்த சிரிப்பு அது. காற்றையும் மீறிக் கேட்டது.

"நானும் இதைத்தான் ஐயா இவ்வளவு காலமும் கேக்கிறன்."

அவள் கதவுக்கு நேரே வந்து நின்றாள்.

"வெளியிலை நிண்டு கும்பிடுறது ஒண்டும் பெரிய வித்தையில்லை. கண்ணை மூடக்கூடாது. கதவைப் பாத்துக்கொண்டு, உள்ளை இருக்கிறார் எண்டு நினைக்கவேணும். எனக்கு ஐம்பது வருசப் பழக்கம். உங்களுக்கு இண்டைக்குத்தானே முதல்நாள்."

படியில் குந்தி மடியிலிருந்து பேணியை எடுத்தாள். மூடி திறந்தபோது உள்ளே நெருப்புப்பெட்டி காய்ந்தபடி இருந்தது. மார்க்கண்டு இடுப்புச் சாரத்தை விரித்து மறைப்புப் பிடித்தான். முதல் குச்சி அணைந்தது, அடுத்ததும் அணைந்தது. பிறகு கற்பூரத்தைப் பேணியின் அடியிலேயே போட்டு, கையை உள்ளே விட்டுக் கொளுத்தினாள். பற்றியது. அந்தத் தகரக் குழிக்குள் காற்று வரவில்லை. பேணியைத் தூக்கிப் பூட்டிய கதவுக்கு மூன்று தரம் காட்டினாள். விரல் சுட்டது, விடவில்லை.

"சிவனே, என்ரை கையாலை. பாத்துக்கொள்."

அப்போதுதான் அழுதாள். முகாம் வாசலில் வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

சோமசேகரமும் தன் தட்டத்தில் கற்பூரம் வைத்துப் பார்த்தார். நெருப்புப்பெட்டி கூழாய்ப் போயிருந்தது. அவள் குச்சியால் கொளுத்திக் கொடுத்தாலும் தட்டத்தில் ஒரு கணம் நிற்கவில்லை. நாலு தலைமுறைக் கோயில்காரர் கற்பூரம் காட்டாமல் மலை இறங்குவதா? இராசாத்தி பேணியை அவர் பக்கம் நீட்டினாள். அந்தப் பேணியை அவருக்குத் தெரியும். தன் வீட்டு வேலியில் தொங்கியதுதான். அவர் கை ஒருமுறை பின்வாங்கியது. பிறகு கற்பூரத்தை அதற்குள்ளே போட்டார். இரண்டும் ஒன்றாய் எரிந்தன.

இறங்கும்போது அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார். "இராசாத்தி, வெள்ளிக்கிழமை கோயிலடிக்கு வா. உள்ளை வர ஒரு வழி பாப்பம்."

முழுப்பேர். ஒரே தரத்தில். அவள் "ஓம்" என்று மட்டும் சொன்னாள். ஆனால் மலையடிவரை கால் நோவு தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு ஊர் கூடியிருந்தது. இராசாத்தி பேணியோடு தேர்முட்டியடிக்கு வந்தபோது, வாசலில் சோமசேகரம் மலைக்கதை சொல்லிக்கொண்டிருந்தார். பேய் மழையாம், ஆளைத் தூக்குகிற காற்றாம். "ஆனால் என்ரை கற்பூரம் அணையேல்லை. எல்லாம் அவன் செயல்."

அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. கூட்டமும் திரும்பியது.

"எதுக்குள்ளை எரிஞ்சதெண்டும் சொல்லுங்கோவன் ஐயா."

"உதென்ன கதை? கற்பூரத்தைத் தந்திட்டு அங்காலை நில் ராசி."

"வரச் சொன்னீங்கள்."

"மலை வேறை, ஊர் வேறை."

இராசாத்திக்குக் காது சுட்டது. சரி, வாக்குப் போயிற்று. போகட்டும். அவர் வாக்கை நம்பியா அவள் மலை ஏறினாள்?

"மலைக்குப் போ எண்டீங்கள், போனனான். அங்கை பூட்டின கதவு. நீங்களும் நானும் ஒரே வெளியிலை நிண்டனாங்கள். இஞ்சை கதவு திறந்துதான் கிடக்கு."

அவள் நடந்தாள். இரண்டு பேர் மறிக்கக் கை நீட்டினார்கள். கூட்டத்திலிருந்து மார்க்கண்டுவின் குரல் வந்தது.

"விடுங்கோ. அவவின்ரை பேணிக்குள்ளைதான் மனேச்சரும் கற்பூரம் போட்டவர். நான் பக்கத்திலை நிண்டனான். தீட்டெண்டால் முதல் அவரை வெளியிலை விடுங்கோ."

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. எல்லாக் கண்களும் சோமசேகரத்தின் மேல். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்லவில்லை. மலையில் கண்டதை மறைக்கலாம், நேரே கேட்டால் பொய் சொல்ல அவராலும் முடியவில்லை. அந்த இடைவெளிக்குள் இராசாத்தி வாசலைத் தாண்டிவிட்டாள். ஐயர் பதறிப்போய்த் திரையை இழுத்தார். அவள் கவலைப்படவில்லை. கதவையே பார்த்துக் கும்பிட்டவளுக்குத் திரை எம்மாத்திரம்? நந்தியடியில் பேணியை வைத்துக் கொளுத்தினாள், கும்பிட்டாள், வந்த வழியே நிமிர்ந்து போனாள்.

மறுநாளே கோயிலைக் கழுவித் தீட்டுக் கழித்தார்கள். இனி வாசலில் ஆள் நிறுத்துவது என்று கூடிப் பேசினார்கள். நிறுத்துமுன் அடுத்த கிழமை பேச்சு முறிந்து சண்டை தொடங்கியது. பாதை மூடியது. மலைநாடு திரும்பவும் எட்டாத தூரம் போயிற்று.

பொம்மர் விமானம் ஊருக்கு மேலே சுற்றத் தொடங்கிய நாள், கோயிலில் குண்டு போடமாட்டான் என்று ஊர் முழுக்கக் கோயிலுக்கு ஓடியது. சோமசேகரமே இரண்டு கதவையும் அகலத் திறந்து, "எல்லாரும் உள்ளை வாங்கோ, கெதியாய் வாங்கோ" என்று கத்தினார். இராசாத்தியின் ஆட்கள் பாயும் குழந்தைகளுமாய் வந்து, பழக்கத்தில் தேர்முட்டியடியில் தயங்கி நின்றார்கள். உள்ளேயிருந்து அவள் வந்து ஒவ்வொருவராய்க் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

இரைச்சல் ஓய்ந்த பிறகு, மண்டபத்தில் ஒரே பாயில் நெருக்கியடித்து இருந்த கூட்டத்தைப் பார்த்து மீனாம்பிகை பெருமூச்சு விட்டா. "பாத்தியே இராசாத்தி, கடைசியிலை எங்கடை ஆக்கள் உங்கடை ஆக்களை உள்ளை விட்டினம்தானே."

இராசாத்தி பேணியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கடை ஆக்களை விட்டது பொம்மர் அம்மா. என்னை ஒருத்தரும் விடேல்லை. நான் வெள்ளிக்கிழமையே வந்திட்டன்."